வாசலில் கேட்ட கைதட்டல்

பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலில் எவேலியோ காவலுக்கு நிற்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கையில் ஒரு தடி, கழுத்தில் ஒரு விசில், இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி. வேறு ஆயுதம் கிடையாது. இருந்தாலும் அந்த வாசலில் அவர் வைத்ததுதான் சட்டம். சட்டம் என்றால் பெரிய புத்தகமெல்லாம் இல்லை, ஒரே ஒரு வரி: துப்பாக்கி வைத்திருப்பவன் உள்ளே போகக் கூடாது. போலீஸோ, ராணுவமோ, மந்திரியின் மெய்க்காப்பாளனோ, துணைவேந்தர் கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. மாலை வகுப்பில் சட்டம் படிக்க வரும் போலீஸ்காரர்கள்கூடக் காவல் கூண்டில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போவார்கள். வகுப்பு முடிந்து வில்லையை நீட்டினால்தான் துப்பாக்கி திரும்பக் கிடைக்கும்.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒரு நாள் ராணுவ லாரி இதே வாசலுக்கு வந்தது. அப்போது காவலுக்கு இருந்தவர் லிசாந்த்ரோ. "திற" என்றார்கள், திறந்தார். பாவம், நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டினால் யார்தான் என்ன செய்வார்? அன்று லாரியில் ஏற்றிப் போன இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒருவரும் வீடு திரும்பவில்லை. லிசாந்த்ரோ அதற்குப் பிறகு பதினான்கு வருடம் உயிரோடு இருந்தார், இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சந்தையில் தக்காளிக்காரிகூட அவர் கையில் தக்காளியைக் கொடுக்காமல் தரையில் வைப்பாள். அந்தக் காலத்தில் தோட்டக்காரராக இருந்த எவேலியோ இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர். காவல் வேலைக்கு வந்த முதல் நாளே மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்: எது நடந்தாலும் சரி, வாசலைத் திறந்துவிட்டவன் என்ற பேர் மட்டும் எனக்கு வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது பூமி ஆடியது. எரிமலை அடிவாரத்து ஊருக்கு இது புதிதில்லை. காபி தளும்பினால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்கிற ஜனங்கள் அவர்கள். ஆனால் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தில் கோப்பையும் போயிற்று, மேஜையும் போயிற்று. முப்பது வினாடிதான் இருக்கும். வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த நூலகம், மூன்று மாடிக் கட்டடம், ஒரு பக்கமாகக் கீழே உள்வாங்கிக் குந்திவிட்டது.

எவேலியோ செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். விசிலை ஊதி ஊதி மாணவர்களைக் கால்பந்து மைதானத்துக்கு விரட்டினார். மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். தன்னோடு வேலை பார்க்கும் மோன்சோவை நூலகத்துக்கு அனுப்பினார். கால் மணி நேரத்தில் வாக்கி டாக்கியில் பதில் வந்தது.

"வாசிக்கிற ஹால் காலிண்ணே. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

"நல்லாப் பாத்தியாடா?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேண்ணே."

அப்பாடா என்று இருந்தது எவேலியோவுக்கு. அவருடைய மனைவி சோய்லா இதே வளாகத்தில் அறிவியல் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவள். அந்தக் கட்டடம் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. ஆகவே அவள் மைதானத்தில் யாரையாவது திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

பத்தே காலுக்கு ராணுவ லாரி வந்து நின்றது. முன்னாலிருந்து இறங்கிய லெப்டினன்டின் சட்டையில் ஒரெயானா என்று எழுதியிருந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். பின்னால் பத்துப் பேர், எல்லோர் தோளிலும் துப்பாக்கி.

"பெரியவரே, கேட்டைத் திறங்க. ஜாக்கி இருக்கு, கம்பி வெட்டுற மெஷின் இருக்கு. உள்ள யாரு மாட்டிருந்தாலும் எடுத்துடலாம்."

"உள்ள யாரும் மாட்டல. காகிதம் இருக்கா?"

"என்ன காகிதம்?"

"துணைவேந்தர் கையெழுத்துப் போட்டது."

"யோவ், ஊரே இடிஞ்சு கிடக்கு, காகிதம் கேக்குறீங்களே!"

"ஊரு இடிஞ்சா சட்டமும் இடிஞ்சிடுமா? துப்பாக்கியோட ஒரு பூட்ஸ்கூட இந்த வாசலைத் தாண்டாது. வேற எடத்துல தேவைப்படும், போங்க தம்பி."

இதற்குள் லாரியைப் பார்த்துவிட்டு மைதானத்திலிருந்து இருநூறு முந்நூறு மாணவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். மாணவர் சங்கத் தலைவி யெசேனியா கேட்டின் கம்பியில் ஏறி நின்றாள். அவள்தான் முதலில் கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். "தோன் எவேலியோ! தோன் எவேலியோ!" என்று, பெரியவர்களுக்கு மரியாதையாகப் போடும் 'தோன்' அடைமொழியோடு கூச்சல் வேறு. லாரி பின்பக்கமாகவே உறுமிக்கொண்டு போய்த் திரும்பியது. எவேலியோவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன். பத்தொன்பது வருடம் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நின்றேன் என்று தோன்றியது.

அந்தப் பெருமை முப்பது நிமிடம் தாங்கியது.

"அண்ணே... அண்ணே, கேக்குதா?"

"சொல்லுடா மோன்சோ."

"நூலகத்துக்கு அடியில, புஸ்தகம் அடுக்குற கீழ் ரூம்ல யாரோ குழாயைத் தட்டுறாங்கண்ணே. எறங்குற படி மொத்தமா உக்காந்துடுச்சு. மேல ஒரு கான்கிரீட் பலகை கிடக்கு, இருபது பேர் தள்ளியும் அசையல."

"ஹால் காலின்னு சொன்னியேடா!"

"ஹால் காலிதாண்ணே. கீழ நான் பாக்கல. அங்க வேலை செய்யறவங்க மட்டும்தானே போவாங்க..."

"யாருடா உள்ள?"

வாக்கி டாக்கியில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"வாயைத் தொறந்து சொல்லித் தொலைடா!"

"நூலகத்து ரினாண்ணே. அப்புறம்... சோய்லா அக்கா. திங்கக்கிழமை ஒன்பதரை மணின்னா அக்கா காபி குடிக்க ரினாகிட்ட போயிடுவாங்களாம். கூடத் துடைக்கிறவங்க இப்பத்தான் வந்து அழறாங்க."

முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனுஷனுக்குத் தன் மனைவி திங்கட்கிழமை எங்கே காபி குடிக்கிறாள் என்று தெரியவில்லை. எவேலியோ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். டெலிபோன் செத்துக் கிடந்தது. தீயணைப்பு வண்டிகள் எல்லாம் மலைச்சரிவில் மண் மூடிய குடியிருப்புக்குப் போய்விட்டன. ஜாக்கியும் கம்பி வெட்டும் மெஷினும் இந்தப் பக்கத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன. அதை விரட்டியவர் அவரே.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக வாசலை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு. நல்லவேளை, லாரி தூரம் போகவில்லை. பாலம் விரிசல் விட்டிருந்ததால் நாலு தெரு தள்ளிப் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தது. லெப்டினன்ட் அவரைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன பெரியவரே, காகிதத்துக்கு முத்திரை வாங்க வந்தீங்களா?"

"தம்பி... என் பொண்டாட்டி உள்ள மாட்டிக்கிட்டா."

சிரிப்பு நின்றது. ஒரு வார்த்தைகூட அதற்கு மேல் கேட்காமல், "ஏறுங்க" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவன் காலில் விழலாம் போல இருந்தது எவேலியோவுக்கு.

ஆனால் வாசலில் யெசேனியா நின்றாள். அவளுக்குப் பின்னால் மூன்று வரிசையாக மாணவர்கள் கை கோத்திருந்தார்கள்.

"தோன் எவேலியோ, நீங்களா இவங்களைக் கூட்டிட்டு வர்றீங்க?"

"உள்ள ரெண்டு உசுரும்மா. வழி விடு."

"எங்க பெரியப்பா அந்த இருபத்திரண்டு பேர்ல ஒருத்தர். உங்களுக்கே தெரியும். காலைல ஒரு சட்டம், உங்க வீட்டம்மான்னதும் ஒரு சட்டமா?"

"ஆமா" என்றார் எவேலியோ. "மாறிடுச்சு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்வாங்கல்ல? எனக்கு இப்ப வந்திருக்கு. என்னை அப்புறமா எவ்வளவு வேணா திட்டு."

அவள் கண் கலங்கியது, ஆனால் கை பிரியவில்லை. "ஜாக்கி வரட்டும். ஆளும் வரட்டும். துப்பாக்கி வராது."

"துப்பாக்கியை வண்டியில வச்சிட்டுப் போங்க தம்பி" என்று எவேலியோ திரும்பினார்.

"திறந்த லாரில, நடுத்தெருவிலயா? ஒண்ணு காணாமப் போனாலும் என்னைக் கோர்ட்டுல நிறுத்திடுவாங்க. ரெண்டு ஆளைக் காவலுக்கு விடலாம்னா கான்கிரீட்டைத் தூக்கப் பதினோரு பேருமே பத்தாது."

அப்போதுதான் எவேலியோவுக்குக் கூண்டு கண்ணில் பட்டது. வாசலை ஒட்டிய அவருடைய காவல் கூண்டு, ஆறடிக்கு நாலடி, கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, கம்பி போட்ட ஜன்னல்.

"போலீஸ்காரங்க குடுக்கிற மாதிரி குடுங்க. வில்லை தர்றேன். உள்ள வச்சுப் பூட்டிடலாம்."

"பூட்டுன கதவை இத்தனை பேரு உடைக்க எவ்வளவு நேரமாகும் பெரியவரே? பொறுப்புக்கு ஒரு ஆள் உள்ள இருக்கணும். அந்த ஆளு நகரவும் கூடாது."

"அப்ப என்னையும் சேத்து வச்சுப் பூட்டுங்க. சாவியை நீங்களே எடுத்துட்டுப் போங்க."

லெப்டினன்ட் யெசேனியாவைப் பார்த்தான். யெசேனியா எவேலியோவைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை. பதினோரு துப்பாக்கிகள் உள்ளே போயின, பதினோரு வில்லைகள் வெளியே வந்தன. கடைசியில் எவேலியோ உள்ளே போனார். பூட்டு விழுந்தது. லெப்டினன்ட் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு ஓடினான். மாணவர்கள் விலகி வழிவிட்டார்கள். பூட்ஸ் சத்தம் எவேலியோவின் முதுகுப் பக்கமாக நூலகத்தை நோக்கிப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. காவல் கூண்டு வெளியே பார்ப்பதற்காகக் கட்டியது. ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறது. நூலகம் இருக்கும் பக்கம் கனத்த சுவர், ஒரு ஓட்டைகூட இல்லை. சோய்லா அந்தச் சுவருக்குப் பின்னால் அறுபது எழுபது கெஜத்தில் கிடக்கிறாள், அவர் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உட்காரக்கூட இடமில்லை. முக்காலியைச் சுற்றித் துப்பாக்கிகள். எண்ணெய் வாடை மூக்கை அடைத்தது. நின்றால் தலை விளக்கில் இடித்தது. காதைச் சுவரில் வைத்துக் கேட்டார், மெஷின் உறுமுவது மட்டும் கேட்டது. வாக்கி டாக்கியை எடுத்தார்.

"மோன்சோ, என்ன ஆச்சு?"

"ஜாக்கி வச்சுட்டாங்கண்ணே. அரை அடி தூக்கிருக்கு."

"சத்தம் கேக்குதா?"

"கேக்குதுண்ணே. 'இவ்வளவு நேரமா எங்கடா போனீங்க சோம்பேறிப் பசங்களா'ன்னு ஒரு குரல் வருது."

எவேலியோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அவதாண்டா. அவளேதான். ரினா?"

"ரினா குரல் கேக்கலண்ணே. களைச்சுத் தூங்கிருக்கும்."

இடிபாட்டுக்குக் கீழே யாராவது தூங்குவார்களா? மோன்சோவுக்கும் தெரியும், எவேலியோவுக்கும் தெரியும். ரினா கல்யாணம் ஆகாதவள், நாற்பது வயது, நூலகத்துக்கு வரும் காவல்காரர்களிடம்கூட "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்கிற ஒரே ஆள். எவேலியோவுக்கு ஒரு தடவை தச்சு வேலைப் புத்தகம் ஒன்று கொடுத்தாள். அவர் இன்னும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பதினோரு மணி வெயில் கூண்டுக்குள் ஏறியது. தகரக் கூரை காய்ந்தது. தண்ணீர்ப் புட்டி வெளியே, கேட்டின் ஓரத்தில் இருந்தது, அவர் பார்வையில் நன்றாகவே பட்டது. தாகம் ஒரு பக்கம், மூத்திரம் ஒரு பக்கம். இதெல்லாம் ஒரு கஷ்டமா, அவள் அங்கே எப்படிக் கிடக்கிறாளோ என்று தன்னையே திட்டிக்கொண்டார். வாக்கி டாக்கி இரண்டு தடவை கீச்சென்று கத்திவிட்டுச் செத்துப்போனது. மாற்று பேட்டரி அலுவலகத்தில் இருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் பூமி மறுபடி ஆடியது. துப்பாக்கிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து அவர் காலில் விழுந்தன. சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடியது. விரிசலிலிருந்து காரை கொட்டிக் கண்ணை மூடியது. அவ்வளவுதான், இந்தப் பொந்துக்குள்ளேயே நமக்குச் சமாதி என்று நினைத்தார். வெட்கத்தை விட்டு இரண்டு கையாலும் கதவை இடித்தார்.

"யாராவது இருக்கீங்களா? கதவு! கதவைத் திறங்க!"

ஜன்னலில் யெசேனியா முகம் தெரிந்தது. அவளும் மண்ணாகத்தான் இருந்தாள்.

"தோன் எவேலியோ! அடிபட்டுதா? சாவி லெப்டினன்ட்கிட்டல்ல இருக்கு, இருங்க, ஓடிப் போய்..."

லெப்டினன்ட் என்றதும் எவேலியோவுக்குப் புத்தி தெளிந்தது. "வேணாம்! கூப்பிடாத."

"சுவர் விரிஞ்சிருக்கு. விழுந்தா?"

"விழட்டும். அந்த ஆளு ஜாக்கியிலருந்து கையை எடுத்தான்னா அங்க பலகை எறங்கிடும். நான் இங்கேயே இருக்கேன். அந்தப் புட்டியை மட்டும் எடுத்துக் குடும்மா."

அவள் கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு போகாமல் கதவில் முதுகைச் சாய்த்து வெளியே உட்கார்ந்துகொண்டாள். இரும்புக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். உள்ளே கிடக்கிற துப்பாக்கிகளுக்கு அவளும் காவல் இருந்த மாதிரி ஆயிற்று.

"நான் காலைல அப்படிப் பேசினது தப்பு" என்றாள்.

"நீ சரியாத்தான் கேட்ட."

ஒரு மணிக்கு மேல் மெஷின் நின்றது. ஒரு கூச்சல் எழுந்தது, உடனே அடங்கியது. எவேலியோ சுவரில் நகத்தால் பிறாண்டினார். "என்னம்மா? என்ன தெரியுது?"

"தூக்கிட்டு வர்றாங்க" என்று யெசேனியா எழுந்து நின்றாள். "ஒருத்தங்க... கையை ஆட்டுறாங்க. தோன் எவேலியோ, கையை ஆட்டுறாங்க!"

ஒரு மரக்கதவைப் படுக்கையாக்கிச் சிப்பாய்கள் தோளில் சுமந்து வந்தார்கள். வாசலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. கூண்டின் ஜன்னலுக்கு நேராக வந்ததும் சோய்லாவே, "நிறுத்துங்க" என்றாள். முகம் முழுக்கச் சுண்ணாம்பு, ஒரு கால் துணியில் சுற்றியிருந்தது. எவேலியோ கம்பிக்குள் கையை விட்டார். அவள் விரல்களை மாட்டிக்கொண்டாள்.

"யோவ், நீ எதுக்குய்யா உள்ள கிடக்குற? உன்னையும் பிடிச்சு வச்சுட்டாங்களா?"

இல்லை என்று எவேலியோ தலையை மட்டும் ஆட்டினார்.

"ரினா போயிட்டாய்யா" என்றாள் சோய்லா. "தொடையில கம்பி. ரத்தம் நிக்கவேயில்ல. நல்லாத்தான் பேசிட்டிருந்தா. ரெண்டு பேரும் குழாயைத் தட்டித் தட்டிக் கத்துனோம். அப்ப பெரிய வண்டி ஒண்ணு வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. ஜன்னல் ஓட்டை வாசல் பக்கந்தானே. ரினா பயந்தா, 'உள்ள விடுவாங்களா'ன்னு கேட்டா. நான் சொன்னேன், 'வாசல்ல எங்க வீட்டுக்காரருதான் நிக்கிறாரு, அதெல்லாம் விட்டுடுவாரு'ன்னு. சொல்லி வாய மூடல, வெளிய கைதட்டுறாங்க. அவ்வளவு பேர்! உதவி வந்துடுச்சுன்னு ரினாவும் கைதட்டினா. அவளுக்கு ஒரு கைதான் வெளிய இருந்துச்சு, என் தோள்லயே தட்டினா. இனிமே எதுக்குக் கத்தணும், தொண்டைக்குள்ள தூசி போகுதுன்னு ரெண்டு பேரும் சும்மா படுத்துட்டோம். எவ்வளவோ நேரம் சும்மாவே இருந்துட்டோம். ஒருத்தரும் வரல. அப்புறம் நான் மட்டுந்தான் தட்டினேன்."

யெசேனியா தன் இரண்டு கையையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அந்த வண்டி எங்கய்யா போச்சு?" என்று சோய்லா கேட்டாள்.

பொய் ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. முப்பது வருடத்தில் அவளிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார், இன்னொன்று சொல்வது பெரிய காரியமில்லை.

"நான்தான் சோய்லா திருப்பி அனுப்பினேன். காகிதம் கேட்டேன்."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். "தூக்குங்கப்பா" என்றாள் சிப்பாய்களிடம்.

ஆம்புலன்ஸ் கிளம்பியது. அதற்குப் பின்னால் இன்னொரு மரக்கதவு வந்தது. அதன்மேல் நூலகத்துப் பச்சைத் திரைச்சீலையைப் போர்த்தியிருந்தார்கள்.

லெப்டினன்ட் பொத்தானை அவிழ்த்துச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். கை இரண்டும் கிழிந்திருந்தது அவனுக்கு. "வாங்க பெரியவரே, முடிஞ்சுது" என்றான். எவேலியோ வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தபடியே சிப்பாய்களிடம் வில்லையை வாங்கி எண்ணைப் பார்த்துத் துப்பாக்கியைக் கொடுத்தார், வில்லையை வாங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார். பத்து வில்லை வந்துவிட்டது. ஒரு சிப்பாய் சோய்லாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸிலேயே போய்விட்டிருந்தான்.

"அவனோடதை நான் எடுத்துக்கிறேன்" என்று லெப்டினன்ட் கையை நீட்டினான்.

"வில்லை வரட்டும்" என்றார் எவேலியோ.

"ஐயா, வெளிய வாங்க. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அம்மா அங்க தனியா இருப்பாங்க."

"வில்லை இல்லாமக் குடுக்க முடியாது தம்பி."

லெப்டினன்ட் யெசேனியாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அந்தச் சிப்பாயைக் கூட்டிவர லாரிக்குப் போனான். எவேலியோ மிச்சமிருந்த ஒரு துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது.